நோயோடு வரும் காப்பகத்து நாய்: மலையக வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கலுவாவை நாங்கள் 2021 கடைசியில் கண்டிப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து கொண்டு வந்தோம். வலிப்பு உள்ள நாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஒரு குளிசை, மாலை ஆறு மணிக்கு ஒரு குளிசை. மழை, கல்யாணம், திருவிழா, எது வந்தாலும் அந்த இரண்டு ஆறு மணியும் மாறுவதில்லை.

நோயுள்ள நாயை எடுக்க நினைத்து என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "பாவமா இருக்கு, எடுக்கலாமா?" என்றுதான். அந்த இரக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், எங்களையும் அதுதான் காப்பகத்துக்குக் கூட்டிப் போனது. ஆனால் எந்த நாயை எடுப்பது என்பதை உங்கள் வீட்டுக் கடிகாரமும் வைத்தியரிடம் போகும் பாதையும் முடிவு செய்யட்டும். முகத்தைப் பார்த்து எடுத்த நாயை மூன்றாவது மாதம் திருப்பிக் கொண்டுபோய் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டு நேரத்துக்குப் பொருந்தாத நோயை எடுத்துவிட்டார்கள்.

முதல் படி: நாயைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் வீடு என்றால் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் முன் ஒரு தடவை, மாலைக் கொழுந்து நிறுத்து வந்தபின் ஒரு தடவை மருந்து கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து கேட்கும் நோய்கள் இந்த வாழ்க்கைக்கு ஒத்துவரும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத நாய் அப்படி இல்லை. அதற்கு நாளைக்கு மூன்று நான்கு தடவை கையால் அழுத்தி மூத்திரம் எடுக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்த நாயை எடுக்க வேண்டாம்.

அடுத்தது பணம். மாத மருந்துச் செலவை ரூபாயில் கேட்டால் சின்னதாகத் தெரியும். பேர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஒரு பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைச் சம்பளம். 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, வைத்தியரிடம் போய்வர ஆட்டோ, எல்லாம் சேர்ந்து மாதம் எத்தனை பேர் விழும்? இரண்டு பேரா, நான்கு பேரா? அந்தத் தொகை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சரி என்ற பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது, பாதை. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மலையகத்திலும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் மாட்டு வேலைதான் முதலில், அதுவும் அலுவலக நேரத்தில். ஸ்கேன், எக்ஸ்ரே, பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைதான் எங்கள் பக்கத்துக்குப் பெரிய துணை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், பஸ்ஸில் நாயை ஏற்றவும் மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பர் இப்போதே உங்களிடம் இருக்க வேண்டும்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் பக்கத்துக் காம்பராக்காரர்களிடமும், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்களிடமும், முன்கூட்டியே பேசுங்கள். இஸ்தோப்பு (முன் திண்ணை) பொதுவானது, சுவர் மெல்லியது. அவர்களுக்குத் தெரியாமல் வந்த நாயால் முதல் வாரமே சண்டை வரும்.

இரண்டாம் படி: எந்த நோய் தீரும், எது கூடவே வரும்

காப்பகத்தில் "சுகமில்லாத நாய்" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். அதற்குள் இரண்டு வகை உண்டு.

சில நோய்கள் சில மாதங்களில் முடிந்துவிடும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி பார்க்கப் பயங்கரமாக இருக்கும், இரத்தம் ஒழுகும், யாரும் கிட்டப் போகமாட்டார்கள். ஆனால் வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுதாகக் குணமாகும். டெமோடெக்ஸ் சொறியும் அப்படித்தான். முடியெல்லாம் கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரி ஆன நாய் சரியான மருந்தில் ஆறு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஸ்கேபிஸ் என்ற இன்னொரு சொறி தொற்றும். அதனால் தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். முதல் தடவை எடுப்பவர்களுக்கு நான் இந்த வகை நாய்களைத்தான் சொல்வேன். யாரும் திரும்பிப் பார்க்காத நாய், ஆனால் தீரக்கூடிய நோய்.

மூன்று கால் நாய் இன்னொரு நல்ல தெரிவு. மலையகத்தில் இவை அதிகம், காரணம் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி. அதே கண்ணியில்தான் சிறுத்தையும் மாட்டிச் சாகிறது. காலை எடுத்த காயம் ஆறிவிட்டால் அந்த நாய்க்குத் தினசரி மருந்து தேவைப்படாது. எடை கூடாமல் பார்ப்பதும், செங்குத்தான படிகளில் அவசரப்பட விடாமல் பார்ப்பதும்தான் முக்கிய வேலை. முன்னங்கால் இல்லாத நாய்க்கு இறக்கம்தான் கஷ்டம், ஏற்றம் அவ்வளவு இல்லை. உடம்பின் பாரம் முன்பக்கம் அதிகம், இறங்கும்போது அது முழுக்க ஒரே காலில் விழும்.

வலிப்பு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்தபின் நிற்காத தசைத் துடிப்பு, இவையெல்லாம் கூடவே வாழும் நோய்கள். இதில் நீரிழிவுக்குத்தான் ஒழுங்கு அதிகம் வேண்டும். நாளைக்கு இரண்டு ஊசி, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில், அல்லது 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதைப் போல ஒரு காலம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். ஊசிக் குழாயிலும் ஒரு ஆபத்து உண்டு. மிருகங்களுக்கான சில இன்சுலின் யூ-40 (ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு), மனிதருக்கானது பெரும்பாலும் யூ-100 (100 அலகு). மருந்துக்கு ஏற்ற குழாய் இல்லாவிட்டால் அளவு இரண்டரை மடங்கு வரை தவறிப் போகும். நாய் சாப்பிட மறுத்தால் வைத்தியரைக் கேட்காமல் ஊசி போட வேண்டாம். ஊசிக்குப்பின் நடுங்கித் தள்ளாடினால் தேனோ, சீனிப்பாகோ, கித்துள் பாணியோ ஈறில் தடவிவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி: காப்பகத்தில் கேட்க வேண்டியவை

ஒரு நாளில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு தடவை போங்கள், ஒரு தடவையாவது மருந்து கொடுக்கும் நேரத்தில் போங்கள். அந்த நாய்க்கு யார், எதில் வைத்து, எப்படி மருந்து கொடுக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். பிறகு நீங்களே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள்.

மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை நாளாகக் கொடுக்கிறார்கள், கடைசியாக அளவை மாற்றியது எப்போது, கடைசி இரத்தப் பரிசோதனை எப்போது, இதையெல்லாம் வாயால் கேட்டால் போதாது. எழுதி வாங்குங்கள். விசர்நோய் (நாய்வெறி) தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த விவரம், பரிசோதனை அறிக்கைகளின் பிரதி எல்லாம் கையில் வர வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்தால் அங்கேயே ஒருவரை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அதை வாசிக்கப் போவது நீங்கள். சரிவராவிட்டால் நாயைத் திரும்ப எடுப்பார்களா என்றும் கேளுங்கள். நல்ல காப்பகம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

அப்புறம் ஒன்று. அந்த நாய்க்கு எந்தச் சொற்கள் தெரியும் என்று கேளுங்கள். கலுவா சிங்களம் கேட்டு வளர்ந்தவன். சிங்களத்தில் நாயை "வரென்" என்று கூப்பிடுவார்கள், வா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யாராவது "வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினால் இவன் எங்கே படுத்திருந்தாலும் எழுந்து ஓடி வருவான். நாங்கள் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்வான். இரண்டு வாரம் கழித்துத்தான் அம்மாவுக்கு விளங்கியது. அதற்குள் அம்மா அவனை எத்தனை தடவை "ஏண்டா பின்னாலேயே வாறே, போ" என்று விரட்டிவிட்டார், அவன் எவ்வளவு குழம்பியிருப்பான்! அம்மா இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

நான்காம் படி: கொண்டு வரும் நாள்

காப்பகம் சொன்ன நோயை உங்கள் வைத்தியரும் ஒரு தடவை பார்க்கட்டும். முடிந்தால் காப்பகத்திலிருந்து நேரே பேராதனைக்குக் கொண்டுபோய், முழு இரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையும் செய்துகொண்டு ஊர் திரும்புங்கள்.

ஹட்டன் பாதையில் வரும் கினிகத்தேனை வளைவுகளில் மனிதருக்கே வாந்தி வரும். புறப்பட நான்கைந்து மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். நீரிழிவு நாய்க்கு மட்டும் இது பொருந்தாது, அதன் சாப்பாட்டு நேரத்தை மாற்றக்கூடாது. மருந்து நேரம் வழியில் வருமென்றால் குளிசையைச் சட்டைப்பையில் வையுங்கள், டிக்கிப் பையில் வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு வாரம்

ஒரு மூலை, ஒரே ஆள், ஒரே நேரம். விருந்தாளிகளைக் கூப்பிட்டு நாயைக் காட்ட வேண்டாம்.

படுக்கையைச் சிமெந்துத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இரண்டு பலகை, மேலே பழைய கம்பளி, அவ்வளவு போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி விழும் காலையும் உண்டு. மூட்டுவலி உள்ள நாய்க்கு அந்தத் தரை கொடுமை.

இரவில் கட்டாயம் உள்ளேதான். சிறுத்தை லயத்து வாசலில் வந்து நாயைத் தூக்கிப்போவது எங்கள் பக்கம் புதிதில்லை. நான்கு கால் நாயே தப்பாதபோது மூன்று கால் நாயையோ, கண் தெரியாத நாயையோ இஸ்தோப்பில் கட்டி வைக்கக்கூடாது. கட்டியிருந்தால் ஓடவும் முடியாது.

பின்னங்கால் பலமில்லாத நாயைத் தூக்கி நடத்த விலைக்கு வாங்கும் பட்டிகள் உண்டு. என் பெரியம்மா தன்னுடைய பழைய படங்கை நீளமாக மடித்து, நாயின் அடிவயிற்றுக்குக் கீழே விட்டு, இரண்டு முனையையும் ஒரு கையில் பிடித்துக்கொள்வார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிய அதே படங்கு. தண்ணீர் இறங்காது, கழுவினால் சீக்கிரம் காயும். நாய் முன்னங்காலால் நடக்கும், அவர் பின்பாரத்தைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நடப்பார். தண்ணீர்ப் பீலிக்குப் போகும் பாதையில் இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நடப்பதைப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆறாம் படி: மருந்து ஒழுங்கு

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், மருந்து, சாப்பாடு, மூத்திரம், மலம், ஏதாவது புதிதாக நடந்ததா, இவ்வளவும் ஒரு வரியில். கொடுத்த உடனே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அம்மா கொடுத்தாரா தம்பி கொடுத்தானா என்ற குழப்பத்தில் ஒரே வேளை மருந்து இரண்டு தடவை போகும், அல்லது போகவே போகாது.

வலிப்புக்குப் பெரும்பாலும் கொடுப்பது பீனோபார்பிட்டோன். தொடங்கி இரண்டு வாரம் அளவில்தான் இரத்தத்தில் அளவு நிலைக்கு வரும். அதனால் மூன்றாம் நாள் வலிப்பு வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். முதலில் நாய் அதிகம் தூங்கும், அதிகம் குடிக்கும், பசி பசி என்று சுற்றும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரலையும் இரத்தத்தில் மருந்து அளவையும் பார்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

நான் அந்தத் தவறைச் செய்தேன். 2022 சித்திரை வருசப் பிறப்பு. போத்தலில் நான்கு குளிசை இருந்தது, இரண்டு நாளுக்குப் போதும், லீவு முடிந்து வாங்கலாம் என்று நினைத்தேன். அந்த வருடம் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. லீவு முடிந்து கடை திறந்தபோது மருந்து இல்லை. தம்பி மூன்று டவுன் சுற்றி, மறுநாள் மாலைதான் ஒரு அட்டை கொண்டு வந்தான். அதற்குள் கலுவாவுக்கு ஒரே இரவில் மூன்று தடவை வலிப்பு வந்துவிட்டது. விடியும்வரை அவன் தலை என் மடியில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாத மருந்து எப்போதும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இது வைத்தியர் சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து, ஆகவே சீட்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வாங்கும்போது மில்லிகிராமைப் பாருங்கள், 30 கேட்டு 60 வந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

வலி என்று பனடோல் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாய்க்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூபன், டைக்லோபெனக் இரண்டும் வயிற்றில் புண் வைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஏழாம் படி: வலிப்பு வரும்போது

முதலில் கலுவா ஓரிடத்தில் நின்று எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்ப்பான். பிறகு பக்கவாட்டில் விழுவான். கால்கள் விறைக்கும், தாடை வெட்டும், வாயில் நுரை தள்ளும், மூத்திரம் போய்விடும். பார்ப்பவருக்கு அரைமணி நேரம்போல் தோன்றும். போனில் நேரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

கதிரை, அடுப்புக்கல், படி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். தலைக்குக் கீழே துணி. வாய்க்குள் கையோ கரண்டியோ தண்ணீரோ போகக்கூடாது, நாய் நாக்கை விழுங்காது. யாராவது சாவிக்கொத்தைக் கொண்டு ஓடி வருவார்கள், இரும்பு வைத்தால் நிற்கும் என்பார்கள். நிற்காது. அவர்களை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகச் சொல்லுங்கள், ஒரு வேலை கொடுத்த மாதிரியும் ஆகும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், ஒரு நாளில் இரண்டாவது தடவை வந்தாலும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்தே மலவாசல் வழியாகக் கொடுக்கும், வலிப்பை நிறுத்தும் டயஸிபாம் மருந்தை உங்களுக்குத் தரமுடியுமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய தைரியம்.

முடிந்தபின் கொஞ்ச நேரம் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், உங்களையே அடையாளம் தெரியாது, கடிக்கவும் கூடும். அது கோபம் இல்லை. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். ஊசி தேவையா இல்லையா என்று அங்கே முடிவு செய்வார்கள், அதற்குக் காசு இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே இருக்கிறது. கலுவாவுக்கு வீதியோரத்தில் முதல் தடவை வலிப்பு வந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, தள்ளுங்க, நாய்க்கு வெறி புடிச்சிருச்சு!" அம்மா குறுக்கே நின்றதால் அவன் பிழைத்தான். அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாயில் நுரை தள்ளும் நாயைக் கண்டால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். தப்பு எங்கள் பக்கம், நாங்கள் முன்பே சொல்லவில்லை. அன்று மாலையே அம்மா தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார். நீங்கள் அதை நாய் வந்த முதல் நாளே செய்யுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை வருடா வருடம் தவறாமல் போடுங்கள். நோயுள்ள நாய்க்கு அந்த அட்டை உயிர்ப் பாதுகாப்பு.

எட்டாம் படி: உண்ணி, மழை, சாப்பாடு

உண்ணிக் காய்ச்சல் நல்ல நாயையே சாய்த்துவிடும். தினமும் மாலையில் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டிக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். வாரம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ மூத்திரம் பிளேன்டி (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனாலோ அன்றைக்கே வைத்தியரிடம்.

வலிப்பு நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உண்ணிக்குக் குளிசையாகக் கொடுக்கும் ஃபுளூரலானர், அஃபோக்சோலானர் வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கடையில் நேரே வாங்காமல் வைத்தியரிடம் நோயைச் சொல்லிக் கேளுங்கள். நீரிழிவு நாய்க்கு அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்து இரத்தத்தில் சீனியைக் கூட்டும், அதையும் சொல்லுங்கள்.

தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன், நோர்வூட் பக்கம் மாதக்கணக்கில் எதுவும் காயாது. மூத்திரம் பட்டு நனைந்தே கிடக்கும் தோல் இரண்டு நாளில் வெந்துவிடும். நடக்க முடியாத நாயின் அடிவயிற்று முடியைக் கட்டையாக வெட்டி, வெந்நீரில் துடைத்து, அடுப்படிச் சூட்டில் காயவிடுங்கள். மலையில் புல்லுக்கு மருந்தடித்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழுவுங்கள், நக்க விடாதீர்கள்.

சாப்பாட்டில் சோறு, பருப்பு, அவித்த கோழி எல்லாம் சரிதான், வெங்காயம் கலக்காமல். கருவாட்டுத் தலைதான் பிரச்சினை. சிறுநீரக நாய்க்கும் இருதய நாய்க்கும் அந்த உப்பு விஷம் மாதிரி. வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைட் எடுக்கும் நாய்க்கு வேறொரு காரணம் உண்டு. உப்பு கூடினால் அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறி, வலிப்புத் திரும்பும். இதையும் பக்கத்துக் காம்பராக்களில் சொல்லிவையுங்கள், பாசத்தில் வீசும் ஒரு துண்டு போதும்.

ஒன்பதாம் படி: இன்னொரு கை

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால், கொழும்புக்கு வேலையாய்ப் போனால், ஆறு மணிக் குளிசையை யார் கொடுப்பது? நாய் வந்த முதல் மாதத்திலேயே ஒருவரைப் பழக்குங்கள். சொல்லிக் கொடுத்தால் போதாது, அவர் கையால் பத்துத் தடவையாவது கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பெரியம்மா. அவருக்கு எழுத வராது. அதனால் கொப்பியில் அவருக்கென்று ஒரு பக்கம் வைத்தோம். காலைக்குச் சூரியன், மாலைக்கு விளக்கு, இரண்டும் தம்பி வரைந்தது. கொடுத்ததும் அதன்மேல் ஒரு கோடு. போன மாதம் நான்கு நாள் நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது நான்கு சூரியனிலும் நான்கு விளக்கிலும் கோடு விழுந்திருந்தது. ஐந்தாம் நாள் விளக்குக்கு இன்னும் ஆறு மணி ஆகவில்லை. பெரியம்மா குளிசையைச் சோற்றுருண்டைக்குள் வைத்து, கையில் மூடிக்கொண்டு, எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.